டோரா கேக் வீட்டிலேயே: டொராயாக்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் குடிவந்து பல வருஷமாகிறது. இங்கே தடுக்கி விழுந்தால் ஓர் இந்தியக் குடும்பத்தின் வாசலில்தான் விழவேண்டும், அவ்வளவு பேர் இருக்கிறோம். ஊரிலிருந்து வீடியோவில் பேசும் பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடம் கேட்பது ஃபுஜி மலையைப் பற்றி இல்லை, டோரா கேக்கைப் பற்றித்தான். பிள்ளைகள் கேட்டதும், பிறகு அவர்களின் அம்மாக்கள் மாவைக் கரைத்துவிட்டுப் பதற்றத்தோடு கேட்டதும் சேர்ந்து இந்தப் பக்கம்.

டோரா கேக்கும் டொராயாக்கியும் ஒன்றுதானா?

ஒன்றுதான். உள்ளங்கை அகலத்தில் மெத்தென்று இரண்டு வட்ட அடைகள், நடுவே அசுகி என்னும் சிவப்புப் பயறை வேகவைத்துச் சர்க்கரையில் கிளறிய பூரணம். அந்தப் பூரணத்துக்கு ஜப்பானியர்கள் சொல்லும் பெயர் அங்கோ. 'டோரா' என்றால் சேகண்டி, 'யாக்கி' என்றால் சுட்டது. நம் கோயில்களில் அடிப்பார்களே, அதே மாதிரி வட்ட உலோகத் தகடு. நடுவில் லேசாகப் புடைத்து ஓரம் தாழ்ந்திருக்கும் வடிவத்தைப் பார்த்தால் பெயர் எப்படி வந்தது என்று கேட்கவே தோன்றாது.

'டோரா கேக்' என்பது இந்தியாவில் டோரேமான் கார்ட்டூனின் டப்பிங்கில் வைத்த பெயர். அந்த நீலப் பூனைக்கு உயிரே இதுதான். ஆனால் டோரேமானின் 'டோரா' சேகண்டி இல்லை. ஜப்பானிய மொழியில் தெருவில் திரியும் திருட்டுப் பூனையை 'டோரா நெக்கோ' என்பார்கள், அதிலிருந்து வந்தது. சுட்டி டிவியில் முதுகில் பையோடு சுற்றிய டோராவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதையும் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இது எவ்வளவு பழைய பலகாரம்?

கதை பழையது, இப்போதைய வடிவம் அவ்வளவு பழையது இல்லை. 12ஆம் நூற்றாண்டில் பெங்கெய் என்றொரு துறவி வீரன் இருந்தான். காயம்பட்டு ஒரு குடியானவன் வீட்டில் ஒளிந்திருந்தவன், கிளம்பும்போது தன் சேகண்டியை அங்கேயே விட்டுப் போய்விட்டான், அந்த வீட்டுக்காரர் அதை அடுப்பில் வைத்து அடை சுட்டார், அதுதான் முதல் டொராயாக்கி என்பார்கள். கதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை, இது ஒற்றை அடையாகத்தான் இருந்தது; ஓரங்களை மடித்துப் பூரணத்தை மூடுவார்கள். இரண்டு வட்டங்களுக்கு நடுவே பூரணம் வைக்கும் முறையை டோக்கியோ உவேனோவில் உள்ள உசாகியா என்ற கடை 1914இல் கொண்டுவந்ததாகப் பரவலாகச் சொல்கிறார்கள். மாவில் முட்டையும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்ப்பது 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நாகசாகிக்கு வந்த கஸ்தெரா கேக்கின் சாயல்.

ஒசாகா, நாரா பக்கம் போனால் கடையில் 'மிகாசா' என்று கேளுங்கள். நாராவில் அந்தப் பெயரில் மலை இருக்கிறது. அதன் மெல்லிய மேடு இந்த அடையின் மேடு மாதிரியே இருக்கும். தட்டு அளவுக்குப் பெரிய மிகாசாவும் அங்கே விற்பார்கள். ஒன்று வாங்கினால் நாலு பேருக்குக் காணும்.

மீன் வடிவத்தில் ஒன்று பார்த்தோமே, அதுவும் இதுதானா?

அது தாய்யாக்கி. வட்டமாக, தடிமனாக இருப்பது இமாகவாயாக்கி. இரண்டுமே இரும்பு அச்சில் மாவை ஊற்றி, பூரணம் வைத்து, மூடிச் சுடுவது. சுடச்சுடத் தெருவில் நின்று தின்ன வேண்டியவை. டொராயாக்கிக்கு அச்சு கிடையாது. தட்டையான கல்லில் சுட்டு, வெதுவெதுப்பாக ஆறவைத்து, அப்புறம் பூரணம் வைப்பார்கள். ஆறினால்தான் ருசி. வீட்டில் செய்வதற்கு இதுதான் லேசானது, ஒரு தவா இருந்தால் போதும். குழிப்பணியாரக் கல்லில் வராதா என்று கேட்பவர்களுக்கு: வரும், ஆனால் அது பணியாரம்.

என்ன அளவில் மாவு கரைப்பது?

பழைய இனிப்புக் கடைகளின் கணக்கு ரொம்பச் சுலபம்: முட்டை, சர்க்கரை, மாவு மூன்றும் சம எடை. வீட்டுக்கு அதில் இனிப்பைக் கொஞ்சம் குறைத்து நான் எடுக்கும் அளவு, பன்னிரண்டு வட்டம், அதாவது ஆறு டொராயாக்கிக்கு:

முட்டை 2 (ஓடு நீக்கி 100 கிராம் வாக்கில்)
சர்க்கரை 80 கிராம்
தேன் 1 டேபிள்ஸ்பூன்
மைதா 120 கிராம்
சமையல் சோடா அரை டீஸ்பூன்
தண்ணீர் 50 மில்லி, கைவசம் இன்னும் கொஞ்சம்
பூரணம் 300 கிராம்

ஜப்பானில் கேக்குக்கென்றே புரதம் குறைந்த மெல்லிய மாவு கிடைக்கிறது. நம் ஊர் மைதா அதைவிட இழுவை அதிகம். அதனால் 120 கிராமில் இரண்டு டேபிள்ஸ்பூன் மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) போட்டுச் சலித்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் தெரியும். தேனைத் தவிர்க்க வேண்டாம். வாசனைக்காக மட்டும் இல்லை, அந்தச் சீரான செம்பழுப்பு நிறமும் மறுநாள் வரை நிற்கும் ஈரமும் தேனால்தான் வருகின்றன.

கலக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முட்டையையும் சர்க்கரையையும் கைக் கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் அடியுங்கள். நிறம் வெளுத்துச் சர்க்கரை கரைந்தால் போதும். ஸ்பாஞ்ச் கேக்குக்கு அடிக்கிற மாதிரி மெஷினை வைத்து நுரையாகப் பொங்கவிட்டால் சுட்ட முகத்தில் ஓட்டை ஓட்டையாக வரும். தேன் சேருங்கள். சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பொடியாகத் தூவினால் கரையாத துகள் இருக்கும் இடத்திலெல்லாம் மஞ்சள் புள்ளியும் கசப்பும் விழும். கடைசியாக மாவைச் சலித்துப் போட்டு, கட்டி தட்டாமல் கலந்தால் சரி. அரைக்கவோ ரொம்ப நேரம் கலக்கவோ கூடாது.

அப்புறம் மூடி வைத்து அரைமணி நேரம் மறந்துவிடுங்கள். இந்த அரைமணியைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். மாவு அதற்குள் தண்ணீரைக் குடித்து ஊறும், இழுவை தளரும். ஊறாத மாவில் சுட்டால் வட்டத்தின் மேல்தோல் சுருங்கும். ஊறிய பிறகு திறந்து பார்த்தால் மாவு கொஞ்சம் இறுகியிருக்கும். ஒரு ஸ்பூன், தேவைப்பட்டால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுத் தளர்த்துங்கள். கரண்டியில் எடுத்து ஊற்றினால் ரிப்பன் மாதிரி விழுந்து, இரண்டு மூன்று விநாடி மேலே நின்று, பிறகு மறைய வேண்டும். தோசை மாவைவிடக் கெட்டி, இட்லி மாவைவிடத் தளர்வு.

எனக்குத் தோசை வட்டமாக வரும். இது மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

தோசை வார்த்த கை என்பதால்தான். எனக்கும் அதே கதை. கல் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் தேய்க்க வேண்டும், ஊற்றியதும் கரண்டியைச் சுழற்ற வேண்டும். இந்த மூன்றும் கையில் ஊறிப்போனவை, மூன்றுமே இங்கே தப்பு.

முதலில் எண்ணெய். தவாவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் மாவு அங்கங்கே மிதந்து, நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நான்ஸ்டிக் தவாவில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, காகிதத்தால் பளபளப்பு போகும் வரை துடைத்துவிடுங்கள். எண்ணெய் இருந்ததே தெரியக்கூடாது.

அடுத்தது சூடு. குறைந்த தீயில் நாலைந்து நிமிடம் தவாவைக் காயவைத்து, ஈரத்துணியை மடித்துப் போட்டு அதன் மேல் ஒரு தடவை வையுங்கள். 'சுர்' என்று சத்தம் அடங்கியதும் மறுபடி அடுப்புக்கு. இதனால் தவா முழுக்கச் சூடு ஒரே சீராகும். ஒவ்வொரு வட்டத்துக்கு முன்னும் இதைச் செய்யலாம்; குறைந்தபட்சம் இரண்டு வட்டத்துக்கு ஒருமுறையாவது செய்யுங்கள்.

மூன்றாவது, மாவைப் பரப்பாதீர்கள். தவாவுக்கு ஒரு சாண் உயரத்தில் கரண்டியைப் பிடித்து, ஒரே புள்ளியில், இடைவிடாமல் ஊற்றுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. அது தானாகப் பரவி வட்டமாகும். கை அரிக்கும், கரண்டியால் ஒரு சுற்று சுற்றினால் என்ன என்று. சுற்றினால் அதன் கோடு முகத்தில் அப்படியே விழுந்துவிடும்.

இங்கே ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வேலை செய்யும் பெரியவரைப் பல நாள் நின்று பார்த்திருக்கிறேன். அகலமான செப்புத் தகடு, அதில் வரிசை வரிசையாக வட்டங்கள். மாவு ஊற்ற இதற்கென்றே ஒரு கரண்டி உண்டு, 'டோரா சாஜி' என்பார்கள். அவர் முக்கி, தூக்கி, விட்டார் என்றால் ஒரு வட்டம். மணிக்கட்டு மட்டும் சின்னதாகத் திரும்பும். கடைசி வட்டம் ஊற்றி முடிக்கும்போது முதல் வட்டம் திருப்பத் தயாராக இருக்கும். திருப்பியதை ஒருதடவைகூடத் தட்டியோ அழுத்தியோ நான் பார்த்ததில்லை.

ஊற்றியபின் ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் மேலே குமிழிகள் வரும். ஓரத்தில் மட்டும் வந்தால் பொறுங்கள். நடுவிலும் இரண்டு மூன்று வெடித்து, ஈரப் பளபளப்பு மங்கத் தொடங்கும்போது திருப்ப வேண்டும். மறுபக்கத்துக்கு அரை நிமிடம் தாராளம். அந்தப் பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும். அது பூரணத்தைப் பார்த்து உள்ளே போகும் பக்கம், அழகு தேவையில்லை. எடுத்த உடனே ஈரத்துணியால் மூடுங்கள். திறந்து வைத்தால் பத்து நிமிடத்தில் ஓரம் முறுக்கிக்கொள்ளும்.

இரும்புத் தோசைக்கல்லில் செய்யலாமா?

செய்து பார்த்தேன். முதல் நாள் இரவு வெங்காய ஊத்தப்பம் வார்த்த கல். தேன் வாசனையோடு வெங்காய வாசனையும் கலந்து வந்த அந்த ஆறையும் வீட்டில் ஒருவரும் தொடவில்லை. நானே இரண்டு நாள் தின்று தீர்த்தேன். வாசனையை விட்டாலும், பழக்கிய இரும்புக் கல்லின் எண்ணெய்ப் பதம் போகாது, சூடேறினால் சீக்கிரம் இறங்காது. நான்ஸ்டிக் தவா வாங்கிக்கொள்ளுங்கள்.

பூரணத்தை எப்படிச் செய்வது?

பருப்பையும் பயறையும் இனிப்பாகத் தின்று பழகியவர்கள் நாம். சுகியன், போளி, பயத்தம் கொழுக்கட்டை எல்லாம் தின்ற நாக்குக்கு அங்கோ அந்நியமாக இருக்காது. மேற்கத்தியர்கள்தான் பயறில் சர்க்கரையா என்று முகம் சுளிக்கிறார்கள்.

200 கிராம் அசுகி எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைக்க வேண்டியதில்லை. தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, ஐந்து நிமிடம் கொதித்ததும் அந்தச் சிவப்புத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். 'ஷிபுகிரி' என்பது இந்த வேலை. பயறுத் தோலின் துவர்ப்பைப் போக்குவது. கொட்ட மனசு வராது, கொட்டுங்கள். புதுத் தண்ணீர் விட்டு, பயறு எப்போதும் மூழ்கியிருக்கும்படி பார்த்து, சின்னத் தீயில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். குக்கர் என்றால் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினால் நடுவில் மணல் மாதிரி எதுவும் தட்டக் கூடாது. தோல் மட்டும் வெந்து உள்ளே விதை விறைப்பாக இருந்தால் இன்னும் வேகட்டும்.

சர்க்கரை போடுவது இதற்குப் பிறகுதான். முன்னாலேயே போட்டால் பயறு அந்த இடத்திலேயே நின்றுவிடும், மூன்று மணி நேரம் கொதித்தாலும் மேற்கொண்டு வேகாது. அதிகமாக இருக்கும் தண்ணீரை வடித்து, 160 முதல் 200 கிராம் சர்க்கரையை இரண்டு மூன்று தடவையாகச் சேர்த்துக் கிளறுங்கள். போட்டதும் இளகி ஓடும், பயப்பட வேண்டாம். மரக்கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, ஒரு விநாடி கழித்து மூடிக்கொள்ள வேண்டும். அந்தப் பதத்தில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு இறக்கிவிடுங்கள். ஆறினால் தானாக இறுகும். அல்வா மாதிரி திரண்டு வரும் வரை கிளறினால் மறுநாள் அது கல். இந்த அளவுக்கு 500 கிராமுக்கு மேலேயே பூரணம் கிடைக்கும்.

தோலோடு அரைகுறையாக மசித்தால் 'த்சுபுஅன்', தோலை வடிகட்டி நைசாக எடுத்தால் 'கோஷிஅன்'. டொராயாக்கிக்குப் பெரும்பாலும் த்சுபுஅன்தான். பல்லில் ஒன்றிரண்டு பயறு அகப்பட வேண்டும் என்பது என் கட்சி.

அசுகி எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. வேறு எது போடலாம்?

சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சீனக் கடைகளில் சிவப்புப் பயறு என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் பெரிய ஊர்களின் சூப்பர் மார்க்கெட்டில் சில சமயம் அகப்படும். இல்லாவிட்டால் சிவப்புத் தட்டைப்பயறு, காராமணி என்றும் சொல்வோமே, அதுதான் மிகக் கிட்டத்தில் வருகிறது. இலங்கையில் கௌப்பி. இதை இரவு முழுக்க ஊறவைத்து, முதல் தண்ணீரை அதே மாதிரி வடித்துக் கொட்டி, குக்கரில் ஐந்து விசில் விடுங்கள். அசுகியைவிடக் கொஞ்சம் மண் வாசனை கூடுதல், நிறம் மங்கல். ஒரு ஸ்பூன் தேன் அதைச் சரிக்கட்டும்.

ராஜ்மாவின் தோல் தடிமன், வடிகட்டாமல் போட்டால் வாயில் காகிதம் மாதிரி தட்டும். பாசிப்பருப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் சுவை நேராகப் போளிக்குப் போய்விடும். ஜப்பானிலேயே வெள்ளைப் பயறில் 'ஷிரோஅன்', பச்சைப் பட்டாணியில் 'உகுயிசுஅன்' எல்லாம் செய்கிறார்கள், அதனால் அசுகி இல்லாவிட்டால் டொராயாக்கியே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

அக்கா, எனக்கு வந்த முகத்தைப் பாருங்கள் என்று படம் அனுப்புகிறார்கள். எந்தக் கோளாறுக்கு என்ன காரணம்?

புலி மாதிரி வரி வரியாக, திட்டாக இருந்தால் எண்ணெய் துடைக்கவில்லை. (வேண்டுமென்றே காகிதத்தின் மேல் மாவு ஊற்றிச் சுட்டு, உரித்து, வரி விழ வைப்பதும் உண்டு. 'டோரா'வின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி அதைத் 'தோராயாக்கி' என்பார்கள். 'தோரா' என்றால் புலி. கேட்பவர்களிடம் அதைத்தான் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம்.)

வெளுத்துப் போனால் சூடு பற்றவில்லை, அல்லது தேனை விட்டுவிட்டீர்கள். சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டாலும் நிறம் ஒரு படி குறையும். கருகி நடுவில் பச்சையாக இருந்தால் சூடு அதிகம். நடுவில் குன்று மாதிரி எழும்பி வெடித்தால் மாவு கெட்டி. தோசை மாதிரி தட்டையாக ஓடினால் தண்ணீர் அதிகம், அல்லது கலந்த மாவை இரண்டு மணி நேரம் போட்டு வைத்து சோடா செத்துவிட்டது. வாயில் சோப்பு மாதிரி கசந்தால் சோடா கூடிவிட்டது. அரை டீஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். முட்டை நாற்றம் என்றால் முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்து சர்க்கரையோடு சரியாகச் சேரவில்லை. அரைமணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள்.

முதல் வட்டம் எப்போதும் மோசமாகத்தான் வரும். அது சமைக்கிறவர் வாய்க்கு.

முட்டை இல்லாமல் வருமா?

வேறொன்று வரும், அதுவும் நன்றாகவே இருக்கும். மைதா 120 கிராம், கெட்டித் தயிர் 80 கிராம், பால் 100 மில்லி, சர்க்கரை 50 கிராம், தேன் 1 டேபிள்ஸ்பூன், சோடா அரை டீஸ்பூன். தயிரின் புளிப்பில் சோடா உடனே வேலையைத் தொடங்கிவிடுவதால் இதைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது. மெத்துமெத்தென்று வரும், ஆனால் முட்டை தரும் அந்த ஸ்பாஞ்ச் இழை கிடைக்காது. மறுநாள் வரை தாங்காது, அன்றே தீர்த்துவிடுங்கள். வாழைப்பழம் மசித்துப் போடச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. செய்தால் வாழைப்பழ அடை கிடைக்கும்.

கோதுமை மாவு, நாட்டுச் சர்க்கரை?

மைதாவும் கோதுமை மாவும் பாதிப் பாதி வரை பரவாயில்லை, தண்ணீர் ஒரு ஸ்பூன் கூடக் கேட்கும். முழுக் கோதுமையில் கனத்துப் போகிறது. பூரணத்தில் நாட்டுச் சர்க்கரை அருமையாகச் சேரும்; ஜப்பானில் ஓகினாவாக்காரர்கள் கருப்பட்டி நிறத்தில் கரும்புச் சர்க்கரை காய்ச்சுகிறார்கள், அதைப் போட்ட டொராயாக்கியும் கடைகளில் உண்டு. மாவில் மட்டும் வெள்ளைச் சர்க்கரையே இருக்கட்டும்.

குறிப்புகளில் மிரின் என்று இருக்கிறது. அது என்ன, கட்டாயமா?

அரிசியிலிருந்து எடுக்கும் இனிப்பான சமையல் மது. அசல் மிரினில் சாராயம் 14 சதவீதம் அளவுக்கு உண்டு. மாவில் ஒரு ஸ்பூன் விட்டால் பளபளப்பும் மெல்லிய வாசனையும் தரும். வீட்டில் மது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அந்த ஒரு ஸ்பூனைத் தண்ணீராக ஊற்றி, தேனைக் கால் ஸ்பூன் கூட்டினால் ஆயிற்று.

பாக்கெட் பான்கேக் மிக்ஸ் போதாதா?

ஜப்பானிய வீடுகளிலேயே ஹாட்கேக் மிக்ஸில் செய்கிறவர்கள் நிறைய. என் எதிர்வீட்டு அம்மாவும் அப்படித்தான், கூடவே டப்பாவில் வரும் அங்கோ. பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குத் தட்டில் வந்துவிடும். மிக்ஸில் செய்யும்போது ஒரு ஸ்பூன் தேன் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் வனிலா வாசனை தூக்கலாக இருக்கும், பயறோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

பூரணம் எவ்வளவு, எப்படி வைப்பது?

ஒன்றுக்கு 50 கிராம், பெரிய எலுமிச்சம்பழ அளவு. நடுவில் குவித்து ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு வையுங்கள். மேல் வட்டத்தை மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து ஓரத்தை மட்டும் மெல்ல அழுத்தினால் சிப்பி மாதிரி ஒட்டிக்கொள்ளும். வட்டம் வெதுவெதுப்பாக இருக்கும்போது, பூரணம் முழுக்க ஆறியிருக்கும்போது இதைச் செய்ய வேண்டும்.

அப்புறம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். செய்த உடனே தின்றால் அடை வேறு, பூரணம் வேறு என்று தனித்தனியாகத் தெரியும். சில மணி நேரம் கழித்துப் பூரணத்தின் ஈரம் அடைக்குள் இறங்கி இரண்டும் ஒன்றாகிவிடும். மாலையில் செய்து காலையில் பிரிப்பது என் வழக்கம்.

வேறு என்ன வைக்கலாம்?

இங்கே கடைகளில் அங்கோவோடு முழு செஸ்ட்நட், உப்பு வெண்ணெய்த் துண்டு, பச்சைத் தேயிலைப் பொடி கலந்த கிரீம், மோச்சி என்னும் அரிசிப் பசை எல்லாம் வைக்கிறார்கள். கிரீமையும் அங்கோவையும் குழைத்து வைத்தால் 'நாமா டொராயாக்கி', குளிரக் குளிரத் தின்பது. இவற்றில் வெண்ணெய்தான் என் ஓட்டு. ஆறிய பூரணத்தின் மேல் விரல்நுனி கனத்தில் ஒரு துண்டு. தேங்காய்ப் பூரணம், சாக்லேட் ஸ்ப்ரெட் வைக்கலாமா என்றால் தாராளமாக வையுங்கள், பிள்ளைகள் டோரா கேக் என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

டோக்கியோ குளிர்காலத்தில் வெளியே இரண்டு நாள். சென்னை மே மாதத்தில் அன்றே. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் கெடாது, ஆனால் அடை விறைத்துப்போகும். தின்பதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுக்கவும், அல்லது மைக்ரோவேவில் பத்து விநாடி. ஃப்ரீசரில் சுற்றியபடியே ஒரு மாதம் இருக்கும். ராத்திரி எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் டிபன் பாக்ஸுக்குத் தயார். கிரீம் வைத்ததை டிபன் பாக்ஸில் அனுப்பாதீர்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சாப்பிடலாமா?

பயறு என்பதால் நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். பயறு நல்லதுதான், அதற்குச் சமமான எடையில் சர்க்கரையும் இருக்கிறதே. ஒன்று 250 கலோரி வாக்கில் வரும். எங்கள் மாமனாருக்கு நான் பாதியை வெட்டித் தட்டில் வைப்பேன்; மீதிப் பாதி அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கும். உங்கள் வீட்டில் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கூட என்ன குடிப்பது?

சர்க்கரை போடாத பச்சைத் தேநீர், கொஞ்சம் கசக்க வேண்டும். பால் இல்லாத கட்டன் சாயாவும் பொருந்தும். டிகாஷன் தூக்கலான ஃபில்டர் காபிக்கும் தப்பில்லை, காபியில் சர்க்கரையை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

பூரணம் பாதி மீந்துவிட்டது, என்ன செய்வது?

50 கிராம் உருண்டைகளாகப் பிடித்து ஃப்ரீசரில் போட்டால் அடுத்த தடவை அடை மட்டும் சுட்டால் போதும். உடனே தீர்க்க வேண்டுமென்றால் நாகோயாக்காரர்கள் வழி இருக்கிறது. அங்கே காபிக் கடைகளில் காலை உணவே 'ஒகுரா டோஸ்ட்' தான்: தடிமனாக வெட்டிய ரொட்டியை முறுகலாகச் சுட்டு, வெண்ணெய் தடவி, சூடு இருக்கும்போதே மேலே இரண்டு ஸ்பூன் அங்கோ. வெண்ணெய் உப்புப் போட்டதாக இருக்கட்டும்.